நஜ்முன்னிசா விடுதியின் கூரை

தலைக்கு மேலே விரிசல் விட்டிருக்கிற அறையில் பிரசவம் பார்க்கலாமா கூடாதா என்பதை, 1968-இல், சென்னையில் இருந்த ஒரு மெஷின் தீர்மானிக்க வேண்டியிருந்தது. பிரசவம் பார்க்கிறவள் நான். என்னை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், காரைத்தூள் உதிரும்போதெல்லாம் பிள்ளையின் முகத்துக்கு மேலே முந்தானையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவளுக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்திருக்கும்.

நான் அமலராணி. மேட்டுப்பட்டிக்காரி, நர்ஸ். திண்டுக்கல் பேகம்பூரில் நஜ்முன்னிசா பிரசவ விடுதி திறந்த நாளிலிருந்து அங்கேதான் எனக்கு வேலை. விடுதி என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். காங்கிரீட் தளம் போட்ட ஒரு கூடம், அதில் நாலைந்து கட்டில், முன்னால் பெஞ்சு கிடக்கும் ஒரு வராந்தா, பின்சுவரை ஒட்டி எனக்கு ஒரு அறை. அவ்வளவுதான். கட்டியவர் சனாவுல்லா பாய்.

பாய், தோல் பதனிடுகிற தோல்ஷாப்புக்கு முதலாளி இல்லை. ஆட்டுத்தோலைப் பச்சையாக வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, பெரிய ஷாப்புகளுக்குக் கொடுக்கிறவர். அவர் வருவதற்கு முன்னாலேயே அவருடைய வாடை வந்துவிடும். உப்பில் கிடந்து கிடந்து உள்ளங்கை முழுக்க வெடிப்பு. உப்பு லோடு வந்தால் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இறக்கச் சொல்வார். நான் மாங்காய் ஊறுகாய் போட்டுக் கொடுத்தால் அதையும் நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு பத்தாது சிஸ்டர், கெட்டுப்போகும்" என்பார். கெட்டுப்போனதே இல்லை. இருந்தாலும் சொல்வார்.

அவருடைய மனைவி நஜ்முன்னிசா செத்தது 1950-இல். எங்கள் பக்கத்திலிருந்து பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் ரயில்வே கேட்டைத் தாண்ட வேண்டும். வலி எடுத்த பெண்ணை ஜட்காவில் ஏற்றிக்கொண்டு பாய் போனபோது கேட் போட்டிருந்தது. கூட்ஸ் வண்டி ஒன்று முன்னே போவதும் பின்னே வருவதுமாக ஷண்டிங் நடந்துகொண்டிருந்தது. ஜட்காவிலேயே நர்கீஸ் பிறந்தாள். அவளைப் பெற்றவள் அங்கேயே போய்விட்டாள். அப்புறம் கேட்டைத் திறந்தார்கள்.

பாய் மறுபடி நிக்காஹ் செய்துகொள்ளவில்லை. மகள் நர்கீஸையும், அப்பா அம்மா இல்லாத மச்சினன் அப்துல் கையூமையும் வளர்த்தார். கையூம் நஜ்முன்னிசாவின் தம்பி. அக்கா போனபோது அரை டிரவுசர் போட்ட பயல். இந்த இரண்டு பேரையும் தவிர பாயின் மனசில் இருந்தது ஒன்றுதான். கேட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பொம்பளைகள் இனி கேட்டில் நின்று சாகக் கூடாது. அதற்காகத்தான் விடுதி.

தளம் போட்ட நாளில் நானும் இருந்தேன். வேலைக்கு வரச் சொல்லியிருந்தார், வந்து பார்த்தேன். சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்க அலைந்து, கம்பிக்கு மதுரை போய், ஒருவழியாக எல்லாம் சேர்ந்திருந்தது. பேகம்பூர்க் கிணறுகள் எல்லாம் தோல்ஷாப்புக் கழிவு இறங்கி நாறும் என்பதால் குடகனாற்று ஊற்றிலிருந்து வண்டி வைத்துக் குடிதண்ணீர் கொண்டுவந்து பீப்பாய்களில் நிரப்பியிருந்தார். அன்று முழுக்க அந்தப் பீப்பாய்களை விட்டு அவர் நகரவேயில்லை. கொத்தனாரையும் கிட்ட விடவில்லை. அவரே மொண்டு மொண்டு கொடுத்தார். பிரியாணிச் சட்டியை விட்டு நகராத பண்டாரி மாதிரி நிற்கிறீர்களே என்று கேலி செய்தேன். மனுஷர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெண்டாட்டி நினைப்பு என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன்.

அந்தக் கூரைக்குக் கீழே எத்தனை பிள்ளைகள் பிறந்தன என்று நான் எண்ணவில்லை. அந்தப் பக்கத்துத் தெருக்களில் இன்று ஓடி விளையாடுகிற வாண்டுகளில் பாதி என் கையில் விழுந்ததுகள்தான். பத்து வருஷம் கூரைக்கு ஒன்றும் இல்லை. அதற்கப்புறம் பழுப்பாகக் கோடு கோடாகக் கறை விழுந்தது. கறை இருந்த இடத்தில் விரிசல் வந்தது. ஒருநாள் கட்டிலில் ஒரு கையகலக் காரை விழுந்து கிடந்தது. நல்லவேளை, கட்டில் காலி.

இதற்குள் கையூம் எஞ்சினியராகி, சென்னையில் ஒரு கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். இரண்டு வருஷம் வெளிநாட்டில் வேறு இருந்துவிட்டு வந்திருந்தான். அவன் படித்ததே காங்கிரீட் எப்படி விரிசல் விடுகிறது, எப்போது விழும் என்பதைத்தான். அக்கா பேரில் கட்டின கூரை விரிந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் ஓடி வந்தான்.

அவன் செய்வது என்ன என்று எனக்குப் புரிகிறபடி சொல்லிப் பார்த்தான். தளத்தை மனசுக்குள் சின்னச் சின்ன முக்கோணமாக வெட்டிக்கொள்வானாம். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் எவ்வளவு பாரம், அது எவ்வளவு தாங்கும் என்று கணக்குப் போடுவானாம். தாங்க முடியாத முக்கோணம் விரிசல் விட்டுவிட்டதாக வைத்துக்கொண்டு, அதன் பாரத்தைப் பக்கத்து முக்கோணங்களுக்குப் பிரித்துக் கொடுத்து, மறுபடி முதலிலிருந்து எல்லாவற்றுக்கும் கணக்கு. அண்ணன் தம்பிகளில் ஒருத்தன் கைகழுவிவிட்டால் மிச்சம் பேர் தலையில் விழுகிறதே, அந்த மாதிரியா என்று கேட்டேன். அதேதான் என்று சிரித்தான். ஒருத்தர் கையால் போட்டால் ஆயுசு போய்விடும் என்பதால் சென்னையில் ஒரு மெஷின் வைத்திருந்தார்கள். அட்டைகளில் ஓட்டை போட்டு அதற்குத் தின்னக் கொடுக்க வேண்டும். ஒரு கட்டு அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். சல்லடை மாதிரி இருந்தது.

"இந்த மெஷின் பிரசவம் பாத்திருக்கா தம்பி?" என்றேன்.

"இல்ல சிஸ்டர். ஆனா அதுக்குத் தூக்கம் வராது, கோவம் வராது" என்றான். எனக்கு இரண்டும் வரும் என்பது அவனுக்குத் தெரியும்.

கேட்க வேண்டியதையெல்லாம் அவன் கேட்டான். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். கூடத்தை அளந்தான். ஒரு மூலையில் காரையைக் கொத்திக் கம்பியின் கனம் பார்த்தான். அந்த மூலையில் கம்பி நன்றாகத்தான் இருந்தது. விரிசல் பக்கம் கொத்தினால் இன்னும் விரியும் என்று அங்கே கை வைக்கவில்லை. ஜல்லி எங்கே வாங்கியது, மணல் எங்கே அள்ளியது என்று பாயைத் துருவித் துருவிக் கேட்டான். தண்ணீர் எந்தத் தண்ணீர் என்றும் கேட்டான். குடகனாற்றுக் குடிதண்ணீர் என்றார் பாய். அது பொய் இல்லை. விரிசலுக்குக் குறுக்கே சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டிவிட்டு, விரிசல் அகலமாகி அது உடைந்தால் தந்தி அடிக்கச் சொல்லிவிட்டுப் போனான். கண்ணாடி உடையவில்லை.

ஆனால் ஒரு விஷயம் அவனை அரித்துக்கொண்டே இருந்தது. மெஷின் சொன்ன விரிசல்கள் கூடத்துக்குக் குறுக்கே வந்தன. எங்கள் கூரையில் இருந்த விரிசல்கள் நீளவாக்கில், கம்பி ஓடுகிற வழியிலேயே ஓடின. கணக்குக் காட்டுகிற இடத்தில் விரிசல் இல்லை, விரிசல் இருக்கிற இடத்தைக் கணக்குக் காட்டவில்லை. வெயிலில் தளம் விரிவதைச் சேர்த்தான், சுவர் அமுங்கியிருக்குமோ என்று பார்த்தான், ரயில் போகும்போது வருகிற அதிர்வைச் சேர்த்தான். மெஷின் மசியவில்லை. ஒன்றை மட்டும் அது எப்போது கேட்டாலும் ஒரே மாதிரி சொன்னது. இதே போல இன்னொரு கூரையைத் தூக்கி மேலே வைத்தாலும் இது தாங்கும்.

இத்தனைக்கும் அவசரம் என்னவென்றால், நர்கீஸ் முழுகாமல் இருந்தாள். அவளுடைய மாப்பிள்ளை முகமது பாரூக் சென்னையில் பெரியமேட்டுத் தோல்மண்டியில் வேலை பார்த்ததால், பிரசவத்துக்கு இங்கே அத்தா வீட்டுக்கு வந்திருந்தாள். அவள் அந்தக் கூரைக்குக் கீழேதான் பெற வேண்டும் என்பது பாயின் நேர்ச்சை. அவளுடைய அம்மாவுக்குக் கிடைக்காத இடம் அவளுக்குக் கிடைக்க வேண்டும். வேறு எதையும் அவர் கேட்கவில்லை. கூரை நிற்குமா என்று கையூமிடம் மட்டும் கேட்டார்.

"நிக்கும் மச்சான்" என்றான் கையூம்.

மாசி மாதம் ஒரு காலையில் நர்கீஸுக்கு வலி எடுத்தது. கூட்டிவந்து கட்டிலில் படுக்க வைத்தேன். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்ததே இல்லை என்றாலும், சுவரில் மாட்டியிருந்த பேர்ப்பலகையைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தாள். முதல் பிரசவம். தலை இன்னும் இறங்கவில்லை, மேலேயே நின்றது. பொழுது சாய்ந்துவிடும் என்று நினைத்துக்கொண்டு வெந்நீர் போட்டேன். நாள் நெருங்கிவிட்டது என்று கிளம்பியிருந்த கையூம் சென்னை ரயிலில் இறங்கி நேராக வந்துவிட்டான். பாயும் அவனும் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பாயின் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. உள்ளே மகள் முனகுகிற சத்தம் கேட்டால் பயந்து எழுந்திருப்பார், அடங்கினால் சிரித்துக்கொண்டு உட்காருவார்.

கையூம் மட்டும் வாசல் வழியாகக் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பாய் அவன் தொடையில் தட்டினார்.

"இன்னும் என்னத்தப் பாக்குற? நீதான் நிக்கும்னு சொல்லிட்டியே."

"நிக்கும் மச்சான். வெடிப்பு மட்டும் ஏன் இந்தப் பக்கமா ஓடுதுன்னு பிடிபட மாட்டேங்குது."

பாய் சுற்றுமுற்றும் பார்த்தார். வாசலில் வெந்நீர்ச் சட்டியோடு நின்ற என்னைப் பார்த்தார். நான் இருப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை.

"ஒங்கிட்டச் சொல்றதுக்கு என்னப்பா. அது கெடவே கெடாது. நான் உப்புப் போட்டிருக்கேன்."

"எதுல?"

"தண்ணிப் பீப்பாயில. ஒவ்வொரு பீப்பாய்க்கும், நம்ம தோல் கிட்டங்கி உப்பு, பிஸ்மி சொல்லி என் கையாலயே அள்ளிப் போட்டேன். கொத்தனாருக்குக்கூடத் தெரியாது. வலக் கை கொடுக்கிறது இடக் கைக்குத் தெரியக் கூடாதுல்ல? ரெண்டு நாள்ல நாறிப்போற பச்சைத்தோலு, உப்புப் போட்டா மாசக்கணக்கா நிக்குது. கல்லும் மண்ணும் நிக்காதா?"

எனக்கு அந்த நிமிஷம் சிரிப்புத்தான் வந்தது. பண்டாரி என்று நான் சொன்னது சரியாகத்தான் போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் கையூமின் முகத்தைப் பார்த்தேன். அவன் டீ கிளாஸைப் பெஞ்சில் வைக்கப் போய், பெஞ்சுக்கு வெளியே வைத்துவிட்டான். கிளாஸ் விழுந்து உடைந்ததை அவன் கவனிக்கவில்லை.

எழுந்து உள்ளே வந்தான். நர்கீஸின் கட்டிலுக்கு எதிர்க்கோடியில் ஸ்டூலைப் போட்டு ஏறி, ஜன்னல் கம்பியில் தொங்கிய இரும்புக் கொக்கியை எடுத்துக் கூரையைத் தட்டிக்கொண்டே போனான். விரிசலுக்குப் பக்கத்தில் வெற்றுப் பானையைத் தட்டின மாதிரி சத்தம் வந்தது. அங்கே லேசாக நெம்பினான். தாம்பாளம் அகலத்துக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த கம்பியை விரலால் தேய்த்தான். அப்பளம் மாதிரி ஏடு ஏடாக உதிர்ந்தது. விரல் கனம் இருந்த கம்பி, விளக்குமாற்றுக் குச்சியாகி இருந்தது.

இறங்கி என் காதோரம் வந்தான்.

"உப்பு கம்பியைத் தின்னும் சிஸ்டர். துருப் பிடிச்ச கம்பி உள்ளயே பருத்து வெடிக்கும். நான் கம்பி முழுசா இருக்குன்னு வச்சுத்தான் கணக்குப் போட்டேன். இது எந்த நேரமும் வந்துரும். இப்பவே இவள வெளிய கொண்டுபோகணும்."

பாய் ஓடி வந்தார். நேற்று நிற்கும் என்றவன் இன்று நிற்காது என்கிறானே என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஏன் என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இப்போது கேட்க வேண்டாம் மச்சான், ஜட்கா கூப்பிடுங்கள் என்பதையே கையூம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடலாம், கேட் பக்கம் மட்டும் வேண்டாம் என்று பாய் கெஞ்சினார். தலை இறங்காத முதல் பிரசவம், இடம் மாற்றுவதென்றால் டாக்டர் இருக்கிற இடத்துக்குத்தான் என்று சொன்னது நான்தான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

கேட் போட்டிருந்தது.

கூட்ஸ் வண்டி ஒன்று பாதி கேட்டை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. எஞ்சின் கோளாறாம். பாய் இறங்கி ஓடி, கேட்கீப்பரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவன்தான் பாவம் என்ன செய்வான், வண்டியை அவனா தள்ள முடியும். சுற்றிக்கொண்டு போகலாமா என்று நான் கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஜட்காவில் பனிக்குடம் உடைந்தது. தலைக்கு முன்னால் தொப்புள்கொடி நழுவி வந்துவிட்டது. பிரசவம் பார்க்கிறவர்கள் கும்பிடாத சாமியையெல்லாம் கும்பிடுவது இதைப் பார்க்கும்போதுதான். நான் கையை உள்ளே விட்டு, பிள்ளையின் தலை கொடியை நசுக்காமல் தள்ளிப் பிடித்துக்கொண்டேன். நர்கீஸ் என் தோளைக் கடித்துக்கொண்டிருந்தாள். என் விரல்களுக்கு நடுவே கொடி துடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நன்றாகத் துடித்தது. அப்புறம் விட்டு விட்டுத் துடித்தது. கேட் திறக்கும்போது துடிக்கவில்லை.

ஆம்பளைப் பிள்ளை. நர்கீஸ் பிழைத்துவிட்டாள்.

பிள்ளையை அடக்கம் பண்ணிவிட்டு வந்ததும் பாய் கையூமைக் கூப்பிட்டார். நான் நர்கீஸின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பாய் அழவில்லை. பச்சைத்தோலைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"நிக்கும்னு சொன்ன. அப்பறம் நிக்காதுன்னு சொன்ன. எதுப்பா தப்பு?"

"மொதல்ல சொன்னது தப்பு மச்சான். என் கணக்கு தப்பு."

"கூரை இன்னும் அப்படியேதான் நிக்குது."

"ஆமா மச்சான்."

"ஒங்க அக்கா நின்ன அதே கேட்ல எம் மகள நிறுத்திட்ட" என்றார் பாய். அதோடு அவனிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அன்று சாயங்காலமே கையூமைப் பிடித்து உலுக்கினேன். உப்புப் போட்டது அவர், பழி சுமப்பது நீயா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று கேட்டேன். நீ சொல்லாவிட்டால் நான் போய்ச் சொல்கிறேன் என்று எழுந்தேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் சிஸ்டர். அக்காவ அந்தக் கேட்ல பறிகொடுத்த மனுசன். பேரனையும் தன் கையாலதான் தொலைச்சோம்னு தெரிஞ்சா உசுரோட இருப்பாரா? என்னை வெறுத்துக்கிட்டாவது இருக்கட்டும். சோறு போட்டு வளத்த கை அது."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவனுக்காக அழுதேனா, பாய்க்காக அழுதேனா, என் விரலில் நின்றுபோன அந்தத் துடிப்புக்காக அழுதேனா என்று எனக்கே தெரியவில்லை.

கூரை விழவில்லை. அதுதான் பெரிய கொடுமை. கூடத்தைப் பூட்டி, கட்டில்களை வெளியே எடுத்தாயிற்று. நானும் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பக்கத்துத் தெருவில் குடி போய்விட்டேன். கூரை மட்டும் கல்லுக்குண்டாட்டம் நின்றது. பாய் தினமும் தொழுதுவிட்டு வரும்போது எதிர்த்த டீக்கடையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பார். போகிற வருகிறவர்களிடம், "நிக்குது பாத்தீங்களா" என்பார். படித்தவன் பேச்சைக் கேட்டு நல்ல கட்டடத்தை விட்டுவிட்டு நடுத்தெருவில் பிள்ளையைச் சாகடித்தார்கள் என்று ஊரே பேசியது. கையூமின் காதுபடவே பேசினார்கள். அவன் சென்னையிலிருந்து மாதம் தவறாமல் வந்தான். நர்கீஸைப் பார்ப்பான், விரிசலைப் பார்ப்பான், பாய் முகத்தைத் திருப்பிக்கொள்வதைப் பார்ப்பான், திரும்பிப் போவான்.

ஒருமுறை நர்கீஸே என்னிடம் கேட்டாள். மாமா ஏன் சிஸ்டர் அன்னைக்கு அப்படிப் பயந்தாங்க என்று. கூரை ஆபத்தாக இருந்தது உண்மைதான் கண்ணு என்று மட்டும் சொன்னேன். அந்தப் பெண் என்னை நம்பினாள். அவளுக்கு மாமா மேல் கோபம் இல்லை. கோபப்படக்கூட அப்போது அவளிடம் தெம்பு இல்லை.

கையூம் விடவில்லை. ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, கட்டடத்தை இடித்தாக வேண்டும் என்று உத்தரவு வாங்கிவிட்டான். பாய்க்கு அதில் இன்னும் வெறுப்பு ஏறியது. ஆடி மாதக் காற்று சுழன்றடித்த ஒரு முற்பகலில் ஆட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். பாய் வந்து நின்றார். நான் அவர் பக்கத்தில் நின்றேன். கையூம் கொஞ்சம் தள்ளி, எங்களுக்குப் பின்னால் நின்றான்.

சுவரோரத்தில் நின்றுகொண்டு ஒருத்தன் கடப்பாரையால் ஒரு இடி இடித்தான். இரண்டாவது இடிக்குக் கை ஓங்குவதற்குள் பாதிக் கூடத்துக் கூரை அப்படியே கீழே வந்துவிட்டது. புழுதி அடங்கியதும் பார்த்தால், நர்கீஸ் படுத்திருந்த இடத்தில்தான் பெரிய துண்டு கிடந்தது. ஆட்களில் ஒருத்தன் மாதாவே என்று சிலுவை போட்டுக்கொண்டான்.

பாய் ரொம்ப நேரம் அந்தத் துண்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். மெதுவாக உள்ளே போய்க் குனிந்து, ஒரு காரைக்கட்டியை எடுத்தார். துரு ஏடு ஏடாகத் தொங்கும் ஒரு கம்பித் துண்டு அதில் ஒட்டிக்கொண்டிருந்தது. தோள்துண்டால் தூசியைத் துடைத்தார். உப்பு லோடு வந்தால் செய்வாரே, அது மாதிரி நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"உப்பு அப்படியேதான் இருக்கு சிஸ்டர், கரிக்குது" என்றார் என்னிடம். "அப்பறம் ஏன் கெட்டுப்போச்சு?"

பின்னால் நின்ற கையூமை நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது.

"கையூம் தம்பி கணக்குத்தான் தப்பாப்போச்சு பாய்" என்றேன். ஆண்டவர் என்னை மன்னிக்கட்டும், மன்னிக்காமல் போகட்டும்.

பாய் தலையை ஆட்டினார். அந்தப் பதில் அவருக்குப் போதவில்லை. கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டே யோசித்தார். அவர் தொழிலில் ஒரு தோல் அழுகினால் அதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்.

"உப்புப் பத்தல போல சிஸ்டர்" என்றார். "எனக்கு அளவு தெரியல. இதே எடத்துல திரும்பக் கட்டப்போறேன். நர்கீஸ் அடுத்த தடவ இங்கதான் பெறணும். இந்தத் தடவ ரெட்டையா போட்டுருவேன். இன்ஷா அல்லா, கெடாது."

சொல்லாமல் விட்டால் அவர் போட்டுவிடுவார். யாரிடமும் சொல்லாமல், பிஸ்மி சொல்லி, தன் கையாலேயே போட்டுவிடுவார். அதற்குக் கீழே நான் மறுபடி பிள்ளைகளை வாங்குவேன். இத்தனை மாதம் கட்டிக்காத்த பொய் இதோடு முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. கையூம்தான் எங்களைத் தாண்டி முன்னால் வந்தான்.

"மச்சான்" என்றான். "உப்பு வேணாம்."

மாசி மாதத்துக்கப்புறம் பாய் அவனை நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். என்னவோ திட்டத்தான் வாயைத் திறந்தார். கையூமின் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை. பாய் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையில் இருந்த கட்டியைப் பார்த்தார். அதில் ஒட்டியிருந்த கம்பியைக் கட்டைவிரலால் தேய்த்தார். உப்பு அறுத்து அறுத்து வெடித்த அந்த விரலில் துரு ஒட்டிக்கொண்டது.

"உப்பா?" என்று கேட்டார்.

கையூம் அவர் கையிலிருந்த கட்டியை வாங்கிக் கீழே வைத்தான்.

பாய் விழுந்துகிடந்த கூரையின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். கையூம் அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான். அவர் அவனைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை. தோள்துண்டின் நுனியை எடுத்து நாக்கைத் துடைத்தார். துடைத்துவிட்டு மறுபடியும் துடைத்தார். நாங்கள் ஆளுக்கு ஒரு பக்கமாகப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிற வரைக்கும் துடைத்துக்கொண்டேதான் வந்தார்.